ஐம்பதுக்குப் பூஜ்யம்

கதவைச் சாத்திவிட்டேன் தோழரே, நீங்கள் எடுங்கள். வெண்ணாங்குப்பம் வரைக்கும்தான். நீங்களும் அங்கேதான் தண்ணீர் கொண்டு போகிறீர்கள் என்று தெரிந்துதான் கை காட்டினேன்.

தோழரே என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு எல்லாரும் தோழர்தான், லாரியில் தண்ணீர் ஏற்றி விற்கிறவர் உட்பட. உங்களைப் பற்றிக்கூட ஒரு துண்டறிக்கை போட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை, பொதுவாகத்தான். 'தாகத்தின் தரகர்கள்' என்று தலைப்பு. படித்தீர்களா? பரவாயில்லை. யாரும் படிக்கவில்லை.

இந்தத் தாளை உங்கள் முன்கண்ணாடி ஓரமாக வைத்துக்கொள்கிறேன். பையில் வைத்தால் மடங்கிவிடும். மடங்கினால் என்ன இனிமேல், ஆனாலும் பழக்கம்.

கலெக்டர் ஆபீசிலிருந்து வருகிறேன். சட்டமன்ற உறுதிமொழிக் குழு வந்திருந்தது. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மந்திரி சட்டமன்றத்தில் எழுந்து நின்று, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்கிறார் அல்லவா, அதையெல்லாம் எண் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, செய்தாரா இல்லையா என்று பார்க்கிற குழு. எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். ஊர் ஊராக வருவார்கள். கட்டாத பாலத்தைப் பார்ப்பார்கள். மதியம் சாப்பிடுவார்கள். ஒன்பது மணிக்கு மனு வாங்குவதாகச் சொன்னார்கள், நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். முதல் டோக்கன் எனக்கு. இதோ பாருங்கள், ஒன்று.

என்னைத் தெரியாதா? துண்டறிக்கை மாசிலாமணி என்று வெண்ணாங்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். சிரிக்கட்டும். பதினோரு தடவை உள்ளே போயிருக்கிறேன். ஒரு தடவை இந்த வலது காதில் அடித்தார்கள், அதிலிருந்து அந்தப் பக்கம் கேட்காது. அதனால்தான் உங்கள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டறிக்கையில் படித்தது. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் மிதித்துவிட்டுப் போன காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து விளக்கடியில் வைத்துப் படிப்பேன். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. அப்படி வந்த படிப்பு இது. பி.ஏ. படித்தவன் என்னிடம் நிற்க முடியாது.

சொல்ல வந்தது வேறு. எங்கள் ஊர்ச் சாம்பல் ஏரி தெரியுமே உங்களுக்கு, அந்தக் கரை ஓரமாகத்தானே லாரியைத் திருப்புவீர்கள். அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து அங்கே கொட்டுகிறது. முதலில் கிணறு உப்புக் கரித்தது. அப்புறம் போர்த் தண்ணீரில் சோறு வடித்தால் சோறு ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்தது. இப்போது அதைக் கால் கழுவக்கூட யாரும் எடுப்பதில்லை. மாநிலம் முழுக்க விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டிலும் எரிகிறது, அதை நான் மறுக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மந்திரி சட்டமன்றத்தில் சொன்னார். வெண்ணாங்குப்பத்துக்கு ஆறு மாதத்தில் குடிநீர்க் குழாய், சாம்பல் தண்ணீர் நிலத்தில் இறங்காமல் ஏரிக்கு அடியில் கனத்த விரிப்பு. அந்த வாக்கு உறுதிமொழிப் பட்டியலில் நூற்றுப் பதினான்காம் எண்ணாக ஏறியது. அந்தக் கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? மதியரசு. வழக்கறிஞர். அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினர். எங்கள் ஊர்ப் பெயரை வெள்ளாங்குப்பம் என்று சொன்னார், அச்சில் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் கேட்டார். பதிவு இருக்கிறது.

எங்கள் தொகுதிக்கு அப்போது கன்னியப்பன் என்று ஒருவர். கோழித் தீவனக் கடை வைத்திருந்தவர். அவர் வாயே திறக்கவில்லை.

இங்கேதான் என் பட்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருஷமாக, வருஷத்துக்கு ஒன்று. இந்த மாவட்டத்து உறுப்பினர்கள் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சட்டமன்றத்தில் என்ன செய்தார்கள் என்று ஐம்பதுக்கு மார்க் போட்டு அச்சடித்து, பஸ் ஸ்டாண்டிலும் மீன் ஏலத்திலும் கொடுப்பேன். மார்க்கை மனம்போனபடி போடுவதில்லை. விதி இருக்கிறது. கேள்வி கேட்டால் ஒன்று. துணைக்கேள்விக்கு அரை. மானியக் கோரிக்கையில் பேசினால் ஐந்து. வெட்டுத்தீர்மானம் கொடுத்தால் மூன்று. பட்டணத்து நூலகத்தில் போய் உட்கார்ந்து, அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளை ஒரு பக்கம் விடாமல் புரட்டி எடுத்த கணக்கு.

ஓட்டை வைத்து அளக்கலாமே என்பீர்கள். நல்ல கேள்வி. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நல்ல கேள்வி. சட்டமன்றத்தில் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் தெரியுமா? ஏற்கிறவர்கள் ஆம் என்பார்கள், மறுக்கிறவர்கள் இல்லை என்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அது நிறைவேறியது. யார் ஆம் என்றார், யார் கொட்டாவி விட்டார் என்று எங்கேயும் எழுதுவதில்லை. ஆகவே ஒருவரை அளக்க ஒரே வழி அவர் பேசிய பேச்சு. இது என் கண்டுபிடிப்பு. யாரும் இதுவரை மறுத்ததில்லை.

அந்த வருஷப் பட்டியலில் மதியரசு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. கன்னியப்பன் ஐம்பதுக்குப் பூஜ்யம். ஐந்து வருஷத்துக் குறிப்புகளையும் தேடினேன் தோழரே. அவர் பெயர் ஒரே இடத்தில் வருகிறது. பதவிப் பிரமாணம் எடுத்த இடத்தில்.

தேர்தல் வந்தது. மதியரசு எங்கள் தொகுதிக்கு மாறி வந்து நின்றார். அவருடைய ஆட்கள் என் பட்டியலைத் தூக்கிக்கொண்டார்கள். நான் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். காலிக்குடங்களில் சுண்ணாம்பால் பெரிய பூஜ்யம் எழுதி, வண்டி வண்டியாகக் கட்டித் தொங்கவிட்டு ஊர்வலம் விட்டார்கள். என் பூஜ்யம். அதற்கு முன்னால் என் எழுத்து எதுவும் அவ்வளவு பெரிதாக யார் கண்ணிலும் பட்டதில்லை. பிள்ளைகள் கன்னியப்பன் ஜீப்பைப் பார்த்து வாயை வட்டமாகக் குவித்துக் காட்டின. அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றார்.

பள்ளம் இருக்கிறது, பார்த்து. பின்னால் பாதித் தண்ணீர் ரோட்டுக்கே போய்விடும் போலிருக்கிறதே.

பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. குழாய் மட்டும் கன்னியப்பன் காலத்திலேயே போட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊர் எல்லை வரைக்கும் குழாய் வந்தது. அதில் தண்ணீர் வரவில்லை. ஓணான்தான் வந்தது. விரிப்பும் விரிக்கவில்லை. நான் மனு எழுதிக்கொண்டே இருந்தேன். போன வருஷம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், நூற்றுப் பதினான்காம் உறுதிமொழி என்ன நிலையில் இருக்கிறது என்று. பதில் வந்தது. 'பணி முடிந்தது என்ற துறையின் விளக்கம் ஏற்கப்பட்டு, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.' நீக்கலாம் என்று குழுவில் பரிந்துரை எழுதியவர் மதியரசு. ஜெயித்த மறு வருஷமே.

அதோடு போகவில்லை. கோப்பு முழுவதையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு எதை அனுப்பக்கூடாது என்று தெரியவில்லை. மதியரசுக்கு முந்தைய ஐந்து வருஷம் அந்தக் குழுவில் ஒரு உறுப்பினர் இருந்திருக்கிறார். துறை எட்டுத் தடவை எழுதியிருக்கிறது, வேலை முடிந்தது, நீக்கிவிடுங்கள் என்று. எட்டுத் தடவையும் அந்த ஆள் கீழே கையால் எழுதியிருக்கிறார். 'நேரில் போய்ப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் இல்லை. நீக்கக்கூடாது.' தேதி, கையெழுத்து. எட்டும் ஒரே குறிப்புத் தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே மாதிரி. அடைமொழி இல்லை, உவமை இல்லை. எழுதத் தெரியாதவர் எழுத்து.

யார் அந்த உறுப்பினர் என்றால், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

குழுவில் யார் என்ன சொன்னார் என்பதை அச்சில் போடுவதில்லை தோழரே. கதவைச் சாத்திக்கொண்டு நடத்துகிறார்கள். அப்படியிருக்க எனக்கு எப்படித் தெரியும்? விதியில் என்ன தவறு? பார்க்கக் கிடைத்ததை வைத்துத்தானே மார்க் போடமுடியும்?

என் மனைவி அபரஞ்சிக்குப் படிக்கத் தெரியாது. பதில் வந்த அன்றைக்கு, என்ன எழுதியிருக்கிறது, சத்தமாகப் படி என்றாள். படித்தேன்.

"நீ பூஜ்யம் போட்டியே, அந்த ஆளா?"

"ஆமாம்."

"எட்டு வாட்டி வந்து பாத்திருக்குறாரு. நீ ஒரு வாட்டி போய்க் கேட்டியா அவர?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அனல்மின் நிலையத்து ஊழியர் குடியிருப்பு இருக்கிறதே, அந்த மதிலுக்கு வெளியே ஒரு குழாயை விட்டிருக்கிறார்கள். காலையில் சங்கு ஊதுகிறவரைக்கும் பிடிக்கலாம். சங்கு ஊதினால் காவலாளி மூடிவிடுவான். இருபது வருஷமாக அங்கே நின்று அவளுக்கு வலது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. குடம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொல்லலாம். வாயில் ஒரு பேச்சு வைத்திருக்கிறாள். "உன் நோட்டீசக் கரச்சிக் குடிச்சாலாவது தாகம் அடங்குதா பாப்போம், ஒரு நாளைக்கி." முன்பெல்லாம் அதற்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. எதற்கும் வருவதில்லை. காதில் அடித்த அன்றைக்கு முதலில் வலித்தது, அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் போயிற்றே, அந்த மாதிரி.

கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். தேதிகளைச் சரிபார்க்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

"வாங்க தலைவரே, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்."

"பயப்படாதீங்க, லாரித் தண்ணிதான்."

உங்கள் தண்ணீராகத்தான் இருக்கும். குடித்தேன். மனிதர் எல்லாவற்றையும் கோப்புப் போட்டு வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு நகலிலிருந்து தீவன மூட்டை ரசீது வரைக்கும். நூற்றுப் பதினான்கு என்று ஒரு கட்டு. அதைப் பிரித்தார். நடுவில், தேதிப்படி, என் பட்டியல். ஓட்டை போட்டு, நூல் கோத்து.

"இது எதுக்கு இதுல?" என்றேன்.

"இதும் இந்த விசயம்தான தலைவரே. வரிசைல இருக்கணுமில்ல."

"ஏன் சட்டமன்றத்தில் ஒரு தடவைகூடப் பேசவில்லை?"

"பேசறதுக்கு நேரம் குடுக்கணுமே. கட்சி யாரு பேரு எழுதிக் குடுக்குதோ அவங்கதான் பேசலாம். எம்பேர எழுதல. கமிட்டில யாரும் மணி பாக்க மாட்டாங்க. அதான் அங்க எழுதினேன்."

"என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம்."

"நீங்க பெரிய ஆளு. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

பிறகு சிரித்தார். பல் போன வாய். "சும்மா கேக்கறேன் தலைவரே. தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு ஒரு மார்க்குகூடவா வராது?"

"விதி விதிதான்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

அவர்தான் சொன்னார், குழு வருகிறது, இந்த ஆட்சியில் இதுதான் கடைசிச் சுற்று, கொண்டு போங்கள் என்று. அவரே வந்து சொல்லக்கூடாதா என்று கேட்கிறீர்களா? கேட்டேன். "தோத்தவன் போய் நின்னா, அரசியல் பண்றான்னு தூக்கிப் போட்டுருவாங்க. நீங்க ஊர்க்காரரா போங்க" என்றார். வாசல் வரைக்கும் வந்தார். வந்து, "எம்பேரு எடஞ்சலா இருந்தா அடிச்சுடுங்க தலைவரே. தண்ணி வந்தா சரி" என்றார். கவனியுங்கள், நானாகச் செய்யவில்லை. அவர் சொன்னார். அவர் வீட்டு அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே அடித்தேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கி, நகலில் எட்டு இடத்திலும் பெயரை மறைத்தேன். என் மானத்துக்காக என்று நினைக்காதீர்கள். முப்பதாவது பட்டியல் இந்த வாரம்தான் அச்சாகி வந்தது. பையில் இருக்கிறது, ஒன்று தருகிறேன். குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பதற்காகத் தனியாகக் கட்டி வைத்தேன். அதே கையால், என் பழைய பட்டியல் பிழை என்று காட்டுகிற தாளையும் கொடுப்பதா? ஒரு பூஜ்யம் பிழை என்றால் அப்புறம் எந்த எண்ணை எவன் நம்புவான்? முப்பது வருஷம். நாளைக்கு ஒரு உறுப்பினர் தண்ணீருக்காகப் பேச எழுந்திருக்கிறார் என்றால், மாசிலாமணி மார்க் போடுவானே என்ற பயம்தான். அந்தப் பயத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

மதியரசுக்கு இந்த வருஷம் நாற்பத்து நான்கு. பேசுகிறாரே, என்ன செய்வது?

முதல் டோக்கன் என்றேன் அல்லவா. உள்ளே கூப்பிட்டார்கள். குழுத் தலைவர் என் பட்டியலைப் பார்த்து, "பரவால்லையே, நமக்கெல்லாமும் மார்க் போடுவீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மனுவைப் பிரிவு அலுவலரிடம் தள்ளினார். ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர். அந்த அம்மா ஒரு வரி விடாமல் படித்தார். என் மனுவை யாராவது முழுசாகப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, நீக்கின உறுதிமொழிய மறுபடி சேக்கறது கஷ்டம். ஆனா அப்ப குழுவில இருந்த உறுப்பினர் நேர்ல பாத்து மறுப்பு எழுதியிருந்தா, அதச் சொல்லிச் சேக்கலாம். இது நல்ல ஆதாரம். ஏன் பேர அடிச்சிருக்கீங்க?"

நான் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்த அம்மா தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஸ்கெட்ச் மை அவ்வளவுதான் தோழரே, மேலே பார்த்தால் கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருக்கிற எழுத்து தெரிந்துவிடுகிறது. அவர் படித்துவிட்டார். முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியுது. ஆனா நானா எழுத முடியாது. மனுதாரர் நீங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க ஐயா. இந்தத் தேதில இன்னார் எழுதினாருன்னு. நான் பதிவு பண்ணிக்கறேன். போதும்."

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்க பெரியவரே, பேருதான, என்ன?"

என் பட்டியல் அவர் கையில் இருந்தது. அதை விசிறியாக மடித்து வைத்திருந்தார்.

நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "என் பதிவின்படி, அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் எவரும் இந்தப் பிரச்சினைக்காக எதுவும் செய்ததாக இல்லை." தடுமாறாமல் சொன்னேன். குரல்கூட உயரவில்லை.

"அப்ப இது?" என்றார் அந்த அம்மா.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திறந்தார். அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பட்டியல மூட மாட்டேன் ஐயா. ஊர்லேருந்து யாரு கூப்ட்டுப் பேரச் சொன்னாலும் எழுதிக்கறேன். யாரு வேணாலும்." இரண்டாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அது ஒரு சுடுகாட்டுப் பாதை விவகாரம்.

வெளியே வந்து டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அவ்வளவுதான் கதை. செல்போனா? இருக்கிறது, சட்டைப் பையில். சார்ஜும் இருக்கிறது. இங்கே டவரும் கிடைக்கும், அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் எல்லாக் கம்பெனி டவரும் உண்டு. எடுத்து இரண்டு தடவை பார்த்தேன். எண்ணைக்கூட அடித்தேன். பேசுவதற்கு வாய் வேண்டுமே. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குத்தான் மார்க் போட்டேன், எனக்கு நானே போட்டுக்கொள்ளப் பழக்கமில்லை.

உங்களுக்குக் கவலை வேண்டாம். குழாயில் தண்ணீர் வந்தால் உங்கள் லாரிக்கு இங்கே என்ன வேலை? வராதவரைக்கும் உங்கள் பிழைப்புக்கு ஆபத்தில்லை. அதைச் சொல்லிக் குத்தவில்லை, நிலவரம் அது.

அதோ புகைக்கூண்டு. சாம்பல் கரை வந்துவிட்டது. இங்கேயே இறக்கிவிடுங்கள். ஊருக்குள் வேண்டாம். நீங்கள் ஹாரன் அடித்ததும் எல்லாரும் வந்துவிடுவார்கள், அவளும் நிற்பாள். என்ன ஆச்சு என்று கேட்பாள். கரை மேலேயே கொஞ்ச தூரம் நடந்து பின்பக்கமாகப் போகிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், வெயில் நேரே அடிக்கிறது. கண்ணாடியில் வைத்ததும் தெரிந்திருக்கும். நான் கவனிக்காமல் இல்லை, நெடுஞ்சாலையிலேயே நீங்கள் படித்துவிட்டீர்கள். படித்தால் படித்ததாகவே இருக்கட்டும். என்னிடம் சொல்லவேண்டாம்.

இல்லை, தாளை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே கிடக்கட்டும். எண்ணும் அதில்தான் இருக்கிறது. மணி இப்போது பதினொன்று. நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை தோழரே, உங்களுக்கு அதில் நஷ்டம், எனக்குத் தெரியும்.

வேறு ஒன்றுதான் கேட்கிறேன். வரிசையில் நாலாவது, நீலக்குடம், எங்கள் வீட்டுடையது. விளிம்பு வரைக்கும் நிரப்பாதீர்கள். முக்கால் போதும். அவளுக்குத் தோள் ஆகாது.